புகார் கொடுப்பவர் பெயர் வெளியே போகாமல் இருக்க வழி உண்டா?

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். தாமிரபரணிக் கரையில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் எனக்கு வேண்டிய ஒருவர் வேலை பார்க்கிறார். மண்வெட்டியே படாத வாய்க்கால் ஒன்றைத் தூர் வாரியதாக அளவுப் புத்தகத்தில் (முடிந்த வேலையின் அளவைப் பதியும் பதிவேடு) எழுதி, பில்லும் பாஸாகிவிட்டது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் போக வேண்டிய அந்த வாய்க்காலில் இன்றைக்கும் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. வயிறு எரிகிறது.

புகார் எழுத அவர் தயார். பயமெல்லாம் பெயரைப் பற்றித்தான். மத்திய அரசுத் துறை என்றால், மத்திய அரசின் 2004ஆம் ஆண்டுத் தீர்மானப்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு ஒட்டிய உறையில் அனுப்பலாம்; பெயரை மறைத்தே விசாரிப்பார்கள். மாநில ஊழியர்கள் அதற்குள் வருவதில்லை. புகார் கொடுப்பவர்களைக் காக்க 2014இல் நிறைவேறிய சட்டமோ நடைமுறைக்கே வரவில்லை. நெடுஞ்சாலைப் பணி ஊழலைப் பிரதமருக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே பெயரை ரகசியமாக வைக்கக் கேட்டும், கடிதம் பெயரோடு கைமாறியது. 2003இல் பீகாரின் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு வேண்டிய இவர் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

நெல்லையில் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் புகார் கொடுத்தவர்கள் சொல்லுங்கள்: முதற்கட்ட விசாரணையில் புகாரின் நகல் அதே அலுவலகத்துக்கு அறிக்கை கேட்டுப் போகுமா? அந்தப் புத்தகத்தைத் தொடுபவர்கள் இரண்டு மூன்று பேர்தான். பெயரை அடித்துவிட்டாலும், பக்க எண்ணைக் குறிப்பிட்டாலே ஆள் தெரிந்துவிடும். விவசாயி ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் பில் நகல் வாங்கிப் புகார் கொடுக்கலாம் என்கிறார்கள். ஆபத்தை இன்னொருவர் தலையில் ஏற்றுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

வக்கீல்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் தனிச்செய்தியில் வழி சொல்லுங்கள். ஊர் பெயரை மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.