ஸ்பீக்கர் கேபிள்: தடிமன் போதுமா, வெள்ளிப் பூச்சு வேண்டுமா?

புதுசெட்
ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) ஒரு மூலையில் இருக்கிறது. ஒரு ஸ்பீக்கருக்கு 3 மீட்டர் போதும், இன்னொன்றுக்குச் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனால் 7 மீட்டர் ஆகிறது. ஸ்பீக்கரின் பின்னால் 4 ஓம் என்று போட்டிருக்கிறது. கடைக்காரர் வெள்ளிப் பூச்சு போட்ட கேபிளைக் காட்டி, இது இல்லாவிட்டால் இந்த செட்டை வாங்கியதே வீண் என்கிறார். வீட்டு வயரிங் வேலையில் மிச்சமான ஒயரே போதும் என்கிறான் நண்பன். யாரை நம்புவது? இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்கவேண்டும் என்றும் எங்கோ படித்தேன்.

ஓம்_சாந்தி
நண்பரை நம்புங்கள், ஆனால் ஒயரின் தடிமனைப் பார்த்துவிட்டு நம்புங்கள். 7 மீட்டர் என்றால் போக வர 14 மீட்டர் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதன் மின்தடை 0.1 ஓமுக்குச் சற்றுக் குறைவு. இலவசமாகக் கூடவே வரும் 0.5 ஒயரில் அதுவே 0.48 ஓம். கேபிளின் தடை ஸ்பீக்கர் இம்பீடன்ஸில் (ஸ்பீக்கரின் பின்னால் போட்டிருக்கும் அந்த ஓம் கணக்கு) 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பழைய கணக்கு, உங்களுக்கு அது 0.2 ஓம்.

ஏன் இந்த வரம்பு என்றால், 4 ஓம் என்று எழுதியிருந்தாலும் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 4 ஓமாக இருப்பதில்லை, ஓரிடத்தில் 4 என்றால் வேறோரிடத்தில் 20 வரைக்கும் ஏறும். கேபிளில் தடை அதிகமானால் 4 ஓம் இருக்கிற இடத்தில் ஒலி கூடுதலாகக் குறையும், 20 ஓம் இருக்கிற இடத்தில் அவ்வளவாகக் குறையாது. 0.5 ஒயரில் இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 0.8 டெசிபல் வரும், கவனித்துக் கேட்டால் காதுக்குத் தெரியலாம். 2.5 ஒயரில் 0.17தான். வெள்ளி செம்பைவிட 6 சதவீதம் போல நன்றாகக் கடத்தும், அதையும் மேலே பூச்சாகப் பூசினால் என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசியுங்கள். அந்த 6 சதவீதம் வேண்டுமென்றால் செம்பிலேயே கொஞ்சம் தடிமன் கூட்டினால் முடிந்தது.

நீளக் கதையையும் முடித்துவிடலாம். 4 மீட்டர் வித்தியாசத்தால் ஒரு பக்கம் 20 நானோ விநாடி போலத் தாமதமாகும். அந்த நேரத்தில் காற்றில் ஒலி நகரும் தூரம் தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. நீங்கள் சோபாவில் மூச்சு விட்டாலே தலை அதைவிட அதிகமாக அசைகிறது.

செவிச்செல்வம்
கால்குலேட்டரை வைத்துப் பாட்டுக் கேட்கிறவர்கள் எல்லா விவாத இழையிலும் ஒருவர் இருப்பார் போல. தம்பி புதுசெட், நான் சொல்வதையும் கேளுங்கள். பல வருடமாக ஒளிபுகும் உறை போட்ட சாதா ஒயரில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், போன மாதம் வெள்ளிப் பூச்சுக் கேபிளுக்கு மாறினேன், முதல் பாட்டிலேயே பேஸ் எழுந்து உட்கார்ந்தது, அதுவரை அறை முழுக்கச் சிதறிக் கிடந்த பாடகர் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் வந்து நின்றது. சமையலறையில் இருந்த என் மனைவி 'என்ன மாத்தினீங்க?' என்று கேட்டாள். அவளுக்கு நான் கேபிள் வாங்கியதே தெரியாது (இப்போது தெரியும், அது வேறு கதை). 0.17 டெசிபலுக்கா இவ்வளவும்?

தடை மட்டும்தான் கணக்கு என்பதும் சரியில்லை. நைம் என்ற நிறுவனத்தின் ஆம்ப்களுக்குக் குறைந்தது 3.5 மீட்டர் கேபிள் போடச் சொல்வது அந்த நிறுவனமேதான். கேபிளின் இண்டக்டன்ஸையும் (மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம்) சேர்த்துத்தான் அந்த ஆம்ப்பை வடிவமைத்திருக்கிறார்கள். பின்னல் பின்னலாக வரும் சில கேபிள்களில் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் குணம்) எகிறி ஆம்ப் தடுமாறுவதும் உண்டு. ஒயர் என்றால் ஒயர் என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள்.

ஓம்_சாந்தி
நைம் விஷயம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஆம்ப்பின் வடிவமைப்பு பற்றியது, வெள்ளிக்கு அதில் வேலையில்லை. நீங்கள் கேட்டது மனப்பிரமை ஐயா. செலவு செய்த கைக்குக் காது ஒத்து ஊதும். எது ஓடுகிறது என்று தெரியாமல் 16 முறை கேட்டு 12 முறையாவது சரியாகச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். குருட்டாம்போக்கில் அடித்தால் அந்த அளவுக்குச் சரியாக வருவதற்கு 4 சதவீத வாய்ப்புகூட இல்லை.

செவிச்செல்வம்
என் மனைவிக்குமா மனப்பிரமை? அவள் சல்லிக்காசு செலவு செய்யவில்லை. என் வீட்டில் நான் பாட்டுக் கேட்கிறேன், பரீட்சை எழுதவில்லை.

நடுக்கம்பி
சண்டைக்கு நடுவில் ஒரு வார்த்தை. நான் ரிப்பேர் வேலை பார்க்கிறவன். பேஸ் காணாமல் போய், குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால் நான் கேபிளின் உலோகத்தைப் பார்க்கமாட்டேன், ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். ஒரு கூம்பு முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். செவிச்செல்வம் சார், பழைய ஒயர் இன்னும் இருக்கிறதா? நுனியில் பனானா பிளக் மாட்டியிருந்தீர்களா? கோடு போட்ட கம்பி இரண்டு நுனியிலும் சிவப்புப் பிளக்கில்தான் போகிறதா என்று பாருங்கள். அடையாளமே தெரியாவிட்டால் ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு, அந்த நுனியின் சிவப்புப் பிளக்கில் 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸையும் கருப்பில் மைனஸையும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். பிளஸ் சரியாக இருந்தால் வூஃபர் (பேஸ் ஒலிக்கும் பெரிய கூம்பு) வெளியே தள்ளும்.

புதுசெட்டுக்கு: தடிமன் சரி, ஆனால் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது வெள்ளி இல்லை, செம்பு பூசிய அலுமினியமாக இருக்கும் (வெள்ளீயம் பூசிய செம்பும் வெளியே வெள்ளையாகத்தான் இருக்கும், அதைச் சுரண்டினால் சிவப்பு வரும்). அலுமினியத்தின் தடை செம்பைப்போல 1.6 மடங்கு, மேலே உள்ள செம்புப் பூச்சையும் சேர்த்துக் கணக்கிட்டால் 2.5 என்று வாங்கியது 1.6க்குக் கொஞ்சம் மேலே உள்ள செம்பு ஒயருக்குத்தான் சமம்.

செவிச்செல்வம்
நடுக்கம்பி, உங்களைத் திட்டுவதா கும்பிடுவதா தெரியவில்லை. பரணில் இருந்து பழைய ஒயரை எடுத்துப் பார்த்தேன். வலது பக்க ஒயரில் கோடு போட்ட கம்பி ஆம்ப் நுனியில் சிவப்பிலும் ஸ்பீக்கர் நுனியில் கருப்பிலும் போகிறது. பிளக் மாட்டியது சாட்சாத் நானேதான். இத்தனை வருடம் அப்படியேதான் கேட்டிருக்கிறேன். போதாததற்கு நுனியெல்லாம் பச்சை பிடித்திருக்கிறது.

நுனியை வெட்டி, பிளக்கை மாற்றி மாட்டி, மகளை விட்டு எனக்குத் தெரியாமல் இரண்டு கேபிளையும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். 6 முறையில் 4 சரியாகச் சொன்னேன். அதற்குமேல் அவள் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முன்பு கேட்ட வித்தியாசம் அளவுக்கு இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் புதுக் கேபிளில் மேல் ஸ்தாயி கொஞ்சம் இதமாக இருக்கிறது என்றே தோன்றுகிறது, அதைக் கழற்றப்போவதில்லை.

ஓம்_சாந்தி
6க்கு 4 அல்லது அதற்கு மேல் வருவது, காசைச் சுண்டிப் போட்டாலே மூன்றில் ஒரு முறை நடக்கும். அதனால் அது எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. ஆனால் மனப்பிரமை என்று நான் சொன்னது தப்பு, திரும்பப் பெறுகிறேன். நீங்கள் கேட்டது நிஜமான வித்தியாசம், காரணம்தான் வேறு. பிளஸ் மைனஸைப் பற்றி முதலில் கேட்டிருக்க வேண்டியது நான். உங்கள் துணைவியாரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், இந்த இழையிலேயே சரியான காது அவருடையதுதான்.

செவிச்செல்வம்
சொன்னேன். 'அப்போ கேபிள் வாங்கியது வேஸ்ட்தானே?' என்கிறாள். உங்களுக்கு நன்றி ஐயா.

புதுசெட்
2.5 செம்பு ஒயர் வாங்கிவிட்டேன், சுரண்டியும் பார்த்தேன், சிவப்புதான். 3 மீட்டர் பக்கம் 3 மீட்டரே போட்டால் போதுமா, அல்லது அதையும் 7 ஆக வெட்டி மிச்சத்தைச் சுருட்டி வைக்கவா?

ஓம்_சாந்தி
3 போதும். உங்கள் ஸ்பீக்கரின் 4 ஓமில் இரண்டு பக்கத்துக்கும் 0.12 டெசிபல்தான் வித்தியாசம். பின்னால் செட்டை இடம் மாற்றுவதாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கூட விடுங்கள்.

நடுக்கம்பி
ஒயருக்குள் இருக்கும் செம்பு இழைகளை நன்றாக முறுக்கி மாட்டுங்கள். ஒரு இழை பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொட்டால் ஆம்ப் ஷார்ட் ஆகும், அது வெள்ளியா செம்பா என்று பார்க்காது.

புதுசெட்
மாட்டியாகிவிட்டது, பாடுகிறது. கோடு போட்ட கம்பி நாலு நுனியிலும் சிவப்பில்தான் இருக்கிறது, மூன்று தடவை பார்த்துவிட்டேன்.