தொந்தரவு செய்யாத பிள்ளைகள்: கிராமங்களில் ஆட்டிசத்தை இனங்கண்ட அனுபவங்கள்

சிறப்புக் கல்வி ஆசிரியர், தென்காசி மாவட்டம்:

எங்கள் வட்டாரத்தில் பல ஊர்களில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கிடைப்பதால், தட்டை மடியில் வைத்து உட்கார்ந்த தாய் இடையில் எழுவதே அரிது. அத்தகைய வீட்டில், டப்பா மூடியை நெடுநேரம் தனியாகச் சுழற்றிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பற்றி, "இவன் ஒரு தொந்தரவும் பண்ண மாட்டான் டீச்சர்" என்று பெருமையாகவே சொல்வார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டால் நான் அக்குழந்தையின் அருகில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஆட்டிசத்தின் அறிகுறிகள் உண்டா என்று பெற்றோரிடம் கேட்டறிய, 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் என்ற வினாத்தாளைப் பயன்படுத்துகிறோம்; அதில் 20 கேள்விகள் உள்ளன. அறையின் மறுபக்கத்தில் உள்ள ஒன்றை நீங்கள் சுட்டிக்காட்டினால் குழந்தை அதைப் பார்க்கிறதா என்பதே முதல் கேள்வி. அதை வாசித்த உடனேயே "பார்ப்பானே" என்ற பதில் வந்துவிடும். தாய் பொய் சொல்லவில்லை. கேள்விகள் பிள்ளைக்கு வைக்கும் பரீட்சையாகத் தோன்றும்போது, அவனைத் தோற்க விட அவருக்கு மனம் வருவதில்லை. ஆகவே, கூரையில் வந்து உட்கார்ந்த காகத்தை விரல் நீட்டிக் காட்டி, குழந்தையின் கண் எங்கே போகிறது என்று தாயையும் என்னோடு சேர்ந்து பார்க்கச் சொல்கிறேன்.

வீட்டில் ஆச்சி இருந்தால் அவரிடமும் தவறாமல் கேட்பேன். பிறர் செய்வதைப் பார்த்துச் செய்கிறானா என்ற கேள்வி எங்கள் ஊரில் மிக எளிது. ஏனென்றால், தவழ்ந்து முடித்த பிள்ளைகள் இலைத் துண்டை எடுத்து அம்மாவைப் போலவே சுருட்டிப் பார்ப்பார்கள். "இவன் மட்டும் இலையைத் தொட்டதேயில்லை, அதன் வாசனையைத்தான் முகர்ந்துகொண்டிருப்பான்" என்று ஓர் ஆச்சி சொன்னது, நிரப்பிய படிவத்தைவிட எனக்கு அதிகம் உதவியது.

வினாத்தாளில் கவலைக்குரிய ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண். அது மொத்தம் 3 முதல் 7 வரை வந்தால் தொடர்கேள்விகள் கேட்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரடியாக மருத்துவ மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். இது நோயறிதல் அல்ல என்பதைப் பெற்றோரிடம் அன்றே, அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். வெறும் சந்தேகம் மறுநாள் ஊர்ப்பேச்சில் முடிந்த முடிவாகிவிட்டால், அந்தக் குடும்பம் அதன்பின் நமக்குக் கதவைத் திறக்காது.

ஒரு தாய், அதே மாவட்டம்:

மேலே எழுதியவர் சொன்னதோடு என் மகனின் அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பமாட்டான். "இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்" என்று என் மாமியார் ஆறுதல் சொல்வார். நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்தோம். தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு எங்கள் அங்கன்வாடிக்கு வந்தபோது, முதலில் செவித்திறனைச் சோதிக்கச் சொன்னார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்ற முடிவு வந்ததும் வீட்டில் எல்லோரும் நிம்மதியடைந்து, அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டியதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய தொலைவும் அந்த முடிவுக்குத் துணைநின்றது.

வளர்ச்சியில் தாமதமுள்ள குழந்தைகளைப் பரிசோதித்துப் பயிற்சி தரும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு எங்களைப் போக வைத்தவர் அங்கன்வாடிப் பணியாளர்தான். "கேட்கிறது என்றால் ஏன் திரும்பவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டாமா, அக்கா?" என்று என் மாமியார் இருக்கும்போதே கேட்டார், பீடியைக் கடையில் ஒப்படைத்துவிட்டு வந்த மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்துக்கு எங்களோடு அவரும் வந்தார். உறுதியான முடிவு தெரியப் பல மாதங்கள் ஆயின. ஆனால் அதற்குக் காத்திராமல், குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து பேசவும், அவன் கேட்கும் பொருளை உடனே தந்துவிடாமல் கைகாட்டும்வரை சற்றுப் பொறுக்கவும் மையத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். தட்டு மடியில் இருக்கும்போதும் என்னால் செய்ய முடிந்த பயிற்சிகள் அவை. இனங்காணும் முகாம் நடத்துபவர்கள், பரிந்துரைச் சீட்டோடு இப்படி வீட்டில் செய்யக்கூடிய இரண்டு மூன்று பயிற்சிகளையும் அன்றே கற்றுக்கொடுத்து அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.