எல்பார் (ஐபிஎம் பவர் சர்வரைப் பிரிச்சு ஓட்டுற தனித்தனி சர்வர்ல ஒண்ணு) 'ஷட்டிங் டவுன்'லயே நிக்குது, 'இம்மீடியட்' ஷட்டவுன் கொடுக்கலாமுங்களா?

கஞ்சிக்கோடு_ஷிப்ட்:
ஞாயிறு காலை 8 முதல் 2 வரை இங்க கரண்ட் லைன் வேலை. யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது, பவர் சர்வரை முழுசா அணைக்கணும். அதுல 2 விஐஓஎஸ் (மத்த எல்பாருக்கு டிஸ்க், நெட்வொர்க் கொடுக்கிறது), 4 ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மோட யூனிக்ஸ் ஓஎஸ்) எல்பார். ஒத்திகைக்குன்னு என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியா ஃபைல் பகிர்றது) கொடுக்கிற எல்பாரை முதல்ல நிறுத்தினோம். அடுத்து நிறுத்தின ஈஆர்பி (கம்பெனி நிர்வாக சாஃப்ட்வேர்) எல்பார் 40 நிமிஷமா நகரவே இல்லை. எச்எம்சியில (பவர் சர்வரை நிர்வகிக்கிற கன்சோல்) 'ஆபரேட்டிங் சிஸ்டம்' ஷட்டவுன் ஆப்ஷன் தேர்ந்தெடுக்க முடியாம மங்கலா கிடக்குது.

வாளையார்_கேட்:
இம்மீடியட் வேண்டாமுங்க. அது கரண்ட் பிளக்கைப் பிடுங்குற மாதிரிதான். அப்படி அணைச்சாலும் ஜேஎஃப்எஸ்2 (ஏஐஎக்ஸ் ஃபைல் சிஸ்டம்) லாக்கை ஓட்டி எழுந்துக்கும். டேட்டாபேஸ் ரெக்கவரிக்குத்தான் நேரம் போகும்.

வரிசைதான் தப்பு. ஹார்ட் மவுண்ட் பண்ணின என்எஃப்எஸ், சர்வர் பதில் சொல்ற வரைக்கும் விடாம கேட்டுக்கிட்டே இருக்கும். அதனால அன்மவுண்ட் (அந்த இணைப்பைக் கழட்டுறது) தொங்கிடுச்சு. என்எஃப்எஸ் எல்பாரைத் திரும்ப ஏத்துங்க, ஈஆர்பி தானா இறங்கிரும்.

ஞாயிறு முதல்ல ஈஆர்பி, மத்த கிளையண்ட் எல்பார், அப்புறம் என்எஃப்எஸ், கடைசியா ரெண்டு விஐஓஎஸ். விஐஓஎஸ் முன்னாடி போயிட்டா கிளையண்டோட ரூட்விஜி (ஓஎஸ் இருக்கிற) டிஸ்க்கே காணாமப் போயிரும். ஷட்டவுன் கமாண்டும் அந்த டிஸ்க்குலதானே இருக்கு, எங்கிருந்து படிக்கும்?

சித்தூர்_ஆத்தங்கரை:
மங்கலா இருக்கிறது ஆர்எம்சி (எச்எம்சியும் எல்பாரும் பேசிக்கிற வழி) தொடர்பு அறுந்ததால. எச்எம்சிக்கும் எல்பாருக்கும் நடுவுல 657 போர்ட், டிசிபி யுடிபி ரெண்டும் திறந்திருக்கான்னு பாருங்க. திறந்திருந்தா எல்பாருக்குள்ள ஆர்எம்சிசிடிஆர்எல் கமாண்டை மைனஸ் சின்ன இசட், பெரிய ஏ, சின்ன பி ன்னு தனித்தனியா மூணு தடவை கொடுங்க. சரியாகலைன்னாலும் பாதகமில்லை, கன்சோல்ல ரூட்டா (அட்மினா) நுழைஞ்சு ஷட்டவுன் மைனஸ் பெரிய எஃப் அடிங்க.

இன்னொண்ணு. ஈடிசி டைரக்டரிக்குள்ள ஆர்சி.ஷட்டவுன் ஸ்கிரிப்ட் பூஜ்யம் இல்லாம வேற எண்ணைத் திருப்பினா ஷட்டவுன் பாதியிலயே நின்னுரும், எச்எம்சியில 'ரன்னிங்'னே காட்டும். ஈஆர்பி நிறுத்துற வரி அதுல இருந்தா முன்கூட்டியே தனியா ஓட்டிப் பாருங்க.

கஞ்சிக்கோடு_ஷிப்ட்:
என்எஃப்எஸ்ஸை ஏத்தினதும் ஈஆர்பி நின்னு 'நாட் ஆக்டிவேட்டட்' ஆயிடுச்சுங்க. இப்ப வேற ஒரு எல்பாருக்கு கன்சோல் திறக்க விடல, ஏற்கனவே திறந்திருக்குன்னு சொல்லுது.

வாளையார்_கேட்:
யாரோ மூடாமப் போயிருக்காங்க. எச்எம்சியில 'க்ளோஸ் டெர்மினல்' கொடுங்க. வேலை முடிஞ்சா டில்டே, புள்ளி அடிச்சு வெளிய வர்றதுதான் முறை.

சித்தூர்_ஆத்தங்கரை:
நிறுத்துறதுக்கு முன்னாடி, ஓடும்போதே கூட்டின மெமரி, சிபியூ எல்லாம் ப்ரொஃபைல்ல (எச்எம்சியில இருக்கிற எல்பாரோட அமைப்புக் குறிப்பு) சேவ் ஆயிருக்கான்னு பார்த்துக்கங்க. பழைய ப்ரொஃபைலை வெச்சு ஏத்தினா பழைய அளவுதான் வரும். திங்கக்கிழமை சர்வர் மெதுவா இருக்குன்னு போன் வரும்.

எல்லாம் இறங்கினதும் சர்வரை எச்எம்சியில பவர் ஆஃப் பண்ணுங்க. முன்பக்கப் பச்சை விளக்கு விடாம எரியறதை விட்டுட்டு மெல்லச் சிமிட்டினா ஸ்டாண்ட்பை. அதுக்கப்புறம் எச்எம்சியை இறக்கிட்டு பிரேக்கரை அணைங்க. ஏத்தும்போது முதல்ல விஐஓஎஸ் ரெண்டும், அடுத்து என்எஃப்எஸ், மீதி பின்னாடி.