பாப்பா போட்டோ எல்லாத்தையும் தேதியோட போடுங்க

குழு: லயத்து வீட்டுப் புள்ளைங்க

*ஞாயிறு*

பெரியக்கா, 7:14: நேத்து நீ போட்ட போட்டோ பாத்தேன். பாப்பா தல ஏன் ஒரு பக்கமாவே சாஞ்சிருக்கு?

நான், 7:20: எப்பவும் அப்படித்தான் அக்கா. தல வலது தோள் பக்கம் சாயுது, மொகம் எடது பக்கம் பாக்குது. நேரா வச்சா திரும்ப அங்கயே போயிருது

பெரியக்கா, 7:21: தலகாணி வச்சிப் பாரு

அம்மா, 7:33: 🎤 குரல் பதிவு 1:12

தம்பி, 7:36: அம்மா வொய்ஸ் கேக்காதவங்களுக்கு: சுளுக்காம். கீழ் லயத்துல சுளுக்கெடுக்குற பாட்டி இருக்காம். வெள்ளிக்கிழம விடியக்காலம் கூட்டிட்டுப் போகணுமாம். மிச்சம் 40 செக்கன் கோழி சத்தம்

மிட்வைஃப் சித்தி, 7:50: அக்கா கோவிக்காத. புள்ள கழுத்துல யாரும் கை வைக்கக் கூடாது. உருவுறது, நீவுறது, சொடக்கு எடுக்குறது ஒண்ணும் வேணாம். கழுத்தெலும்புல ஏதாச்சும் இருந்தா வெளிய தெரியாது. தலகாணியும் வேணாம், மூச்சு முட்டிரும்

மிட்வைஃப் சித்தி, 7:52: பொறந்து ரெண்டு மூணு கிழமையில கழுத்துல கட்டி மாதிரி ஏதும் தட்டுப்பட்டுச்சா?

நான், 7:58: ஆமா சித்தி!! வேப்பங்கொட்ட அளவுக்கு ஒண்ணு. வலது பக்கம். அம்மா மஞ்சப் பத்து போட்டுச்சி, பொறவு கரஞ்சிருச்சி. தோட்டத்து டிஸ்பென்சரியில காட்டுனேன், வளந்தா சரியாயிரும்னு அனுப்பிட்டாங்க

மிட்வைஃப் சித்தி, 8:03: அந்தக் கட்டி பத்துல கரையல. அது தானா கரையும், ஆனா சதை இறுகிப் போயிரும். காதுக்குப் பின்னால இருந்து நெஞ்செலும்பு வரைக்கும் ஒரு சதை ஓடுது. அது எந்தப் பக்கம் இறுகுதோ தல அந்தப் பக்கம் சாயும், தாடை எதிர்ப்பக்கம் திரும்பும். நீ சொல்றது அப்படியே இருக்கு. மூணு மாசத்துக்குள்ள பயிற்சி தொடங்கியிருந்தா சுலபமா சரியாகும். இப்பவும் பிந்திப் போகல

கொழும்பு மாமா, 8:10: அப்ப பயப்பட ஒண்ணுமில்ல. நான் ஒரு வீடியோ அனுப்புறன், ஒரே நாள்ல கழுத்து நிமிருதாம்

மிட்வைஃப் சித்தி, 8:11: அத அனுப்பாதீங்க அண்ணே 🙏

கொழும்பு மாமா, 8:12: 🚫 இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

நான், 8:25: சித்தி கழுத்து மட்டும் இல்ல. எடது கை. எப்பவும் மூடியே வச்சிருக்கு. கிலுகிலுப்ப ஆட்டுனா வலது கையால மட்டும்தான் பிடிக்குது. ஏழு மாசம் ஆச்சி, இன்னும் குப்புற விழல. கையப் பிடிச்சி தூக்குனா தல பின்னால தொங்குது

மிட்வைஃப் சித்தி, 8:31: 35 கிழமையில பொறந்தது தானே? முந்திப் பொறந்த அஞ்சு கிழமையக் கழிச்சிக்க. இப்ப ஆறு மாசப் புள்ளன்னு வச்சித்தான் பாக்கணும். ஆனா ஆறு மாசத்துக்கும் தல நிக்கணும், கை விரிஞ்சிருக்கணும்

மிட்வைஃப் சித்தி, 8:34: இன்னொண்ணு யோசிச்சிப் பாரு. மொகம் எடது பக்கம் திரும்பியிருந்தா அதோட கண்ணு முன்னுக்கு இருக்குறது எடது கைதான். அந்தக் கையவே நீட்டலன்னா அத கழுத்து மேல மட்டும் போட முடியாது. டொக்டர்கிட்ட ரெண்டையும் சொல்லணும். கழுத்த மட்டும் சொல்லிட்டு வந்துராத

அவர், 8:40: நேத்து வரைக்கும் எங்கிட்ட இதெல்லாம் சொல்லலயே நீ

நான், 8:41: சொன்னேன். கடையில ஆளுன்னு வச்சிட்டீங்க

அவர், 8:55: சரி. தப்பு எம்மேலதான். இப்ப என்ன செய்யணும் சித்தி

மிட்வைஃப் சித்தி, 9:02: எல்லாரும் அவங்கவங்க போன்ல இருக்குற பாப்பா போட்டோ, வீடியோ எல்லாத்தையும் தேதியோட இங்க போடுங்க. டொக்டர் முன்னால புள்ள அழும், ஒண்ணும் தெரியாது. தூங்கும்போது மேல இருந்து ஒண்ணு எடு. கண்ணு கோளாறுல தல சாஞ்சா தூக்கத்துல பெரும்பாலும் நேராயிரும், சதை இறுகினா தூக்கத்துலயும் சாயும். பால் குடிச்ச பொறவு மட்டும் வளையுதா, நாள் பூரா இப்படியான்னும் பாரு

பெரியக்கா, 9:30: 📷 31 நாள் தொட்டில் போட்ட அன்னைக்கு

பெரியக்கா, 9:31: கடவுளே, இதுலயும் சாஞ்சிருக்கு. நம்ம எல்லாரும் சேலையத்தான் பாத்திருக்கோம்

தம்பி, 9:44: 📷 தீபாவளி 📷 கோயில் 📷 என் ஆட்டோவுல. மூணுலயும் வலது பக்கம்

அம்மா, 9:50: 🎤 குரல் பதிவு 0:09

தம்பி, 9:51: அம்மா அழுவுது

மிட்வைஃப் சித்தி, 9:53: அக்கா, நீ போட்ட பத்தால ஒண்ணும் கெட்டுப் போகல. திடீர்னு வாந்தி, காய்ச்சல், வலிப்பு, உச்சிக்குழி வீங்குறது, செஞ்சதெல்லாம் செய்யாம விடுறது, இதுல ஏதாவது வந்தா மட்டும் கிளினிக் நாளப் பாக்காம 1990 ஆம்புலன்சுக்கு அடிங்க

*செவ்வாய்*

நான், 12:40: கிளினிக் டொக்டர் கார்டப் பாத்தாரு. தல சுற்றளவு கோட்டுலதான் போகுதாம், அது நல்லதாம். கழுத்து வலது பக்கம் கயிறு மாதிரி தட்டுப்படுதுன்னு என் விரல வச்சிக் காட்டுனாரு. பின்மண்டை எடது பக்கம் தட்டையாயிருச்சாம். பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்திருக்காரு, வியாழக்கிழம

நான், 12:42: அங்க சிங்களத்துலதான் பேசணும் போல. எனக்கு வாயே வராது

தம்பி, 12:50: எழுதித் தர்றன், மனப்பாடம் பண்ணிக்க. பெல்ல எத வெலா (கழுத்து கோணியிருக்கு). வம் அத பாவிச்சி கரன்னே நே (எடது கைய பாவிக்கிறதில்ல). மிச்சத்த நான் வந்து சொல்றன்

*வியாழன்*

தம்பி, 4:05: பொகவந்தலாவையில பஸ் ஏறியாச்சி. பனி, ஒண்ணும் தெரியல

தம்பி, 6:20: கினிகத்தேனை வளைவுல அக்கா வாந்தி. பாப்பா சிரிக்குது

நான், 3:15: இப்பதான் வெளிய வந்தோம். டொக்டர், தம்பியோட போன வாங்கி போட்டோவ ஒவ்வொண்ணா தேதி கேட்டுப் பாத்தாங்க. தூங்குற வீடியோவ ரெண்டு தரம் பாத்தாங்க. தூக்கத்துலயும் சாயுது

நான், 3:19: கழுத்து சதை இறுகினதுன்னு பெரும்பாலும் சொல்றாங்க, கழுத்துக்கு ஸ்கேன் எழுதியிருக்கு. கழுத்தெலும்புக்கும் இடுப்புக்கும் எக்ஸ்ரே. இப்படிப் புள்ளைங்களுக்கு இடுப்பு மூட்டும் சில நேரம் வெலகியிருக்குமாம், அதான். கண் கிளினிக்குக்கும் துண்டு இருக்கு

அவர், 3:22: கை?

நான், 3:26: கைக்கு இன்னும் பேர் சொல்லல. நரம்பு டொக்டர் பாத்துட்டுத்தான் தலைக்கு ஸ்கேன் வேணுமான்னு முடிவாம். எடுத்தா மருந்து குடுத்து தூங்க வச்சி எடுப்பாங்களாம். மூளையில ஏதும் இருக்கான்னு நானே கேட்டுட்டேன். இருக்கு, இல்லன்னு ரெண்டும் இன்னைக்கு சொல்ல மாட்டேன்னாங்க. அந்த டொக்டர் அம்மா என் மூஞ்சப் பாத்து சொன்னாங்க, அதுவே போதும்னு இருந்துச்சி

மிட்வைஃப் சித்தி, 3:40: நல்லாப் பேசியிருக்க. பேர் வர்ற வரைக்கும் காத்திருக்காம பயிற்சி தொடங்கணும். பிசியோ?

நான், 3:48: இன்னைக்கே காட்டுனாங்க. தம்பி வீடியோ எடுத்திருக்கான். தாடைய வலது பக்கம் திருப்பி, எடது காத எடது தோள் பக்கம் சாய்ச்சி, மெதுவா பிடிக்கணும். நாளைக்குப் பல தடவ. முழிச்சிருக்கும்போது குப்புறப் போடணும், பக்கத்துல ஆள் இருக்கணும்

பெரியக்கா, 4:02: கொழுந்துக்குப் போகாம ரெண்டு பேர், ரெண்டு நாள் சம்பளம் போச்சே உனக்கு. அடுத்த தடவ நான் கூட வர்றன், தம்பி ஆட்டோ ஓட்டட்டும்

*வெள்ளி*

நான், 8:10: பிசியோ மிஸ் கேட்டாங்க, வீட்டுல வெளிச்சம் எந்தப் பக்கம்னு. நம்ம காம்பராவுக்கு ஒரே கதவு. அது பாப்பாவுக்கு எடது பக்கம். ஆறு மாசமா வெளிச்சத்தயே பாத்துக்கிட்டுக் கெடந்திருக்கு

மிட்வைஃப் சித்தி, 8:15: அதனால மட்டும் வரல. ஆனா அது பழக்கத்தக் கூட்டும். தலமாடு கால்மாடு மாத்திப் போடு, வெளிச்சம் வலது பக்கம் வரட்டும். கிலுகிலுப்பயும் வலது பக்கமே ஆட்டு. எடது கையில துணிப் பொம்மைய நீயே வச்சிப் பிடிக்க விடு

நான், 11:30: 📷

நான், 11:31: மாத்தியாச்சி. அம்மாவும் நானும் அலுமாரியத் தள்ளி, கட்டிலத் திருப்பி. அம்மா இப்ப வலது பக்கம் உக்காந்து கூப்புடுது. பாதி வரைக்கும் திரும்புது

அவர், 11:40: கட்டில் அங்க போனா நான் ஞாயித்துக்கிழம வந்து எங்க படுக்குறது

தம்பி, 11:41: வெளி இஸ்தோப்புல மச்சான். நாய் எடம் குடுத்தா