குளிர் அழுத்தமா, ஆறிய அழுத்தமா?

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம். டயரின் காற்றழுத்தத்தைக் குறிக்கும்போது வரும் ‘கோல்டு’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும் இழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> டயரின் பக்கவாட்டில் ‘கோல்டு’ என்று அச்சிட்டிருக்கிறார்களே, அதற்குக் ‘குளிர் அழுத்தம்’ என்றே வைத்துவிடலாம். நேரடியாக இருக்கிறது.

நேரடியாகத்தான் இருக்கிறது. எனக்கு இடிப்பதும் அதுதான்.

நான் மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கிறவன். தை, மாசியில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர் விடும்போது, பெட்டிகளை அருமனை வழியாகப் பனச்சமூடு தாண்டிக் கேரளத் தோட்டங்களுக்குக் கொண்டுபோவேன். (ரப்பர் தேன் பூவில் ஊறுவதில்லை, தளிர் இலைக் காம்பின் நுனியில் சுரப்பது. பலருக்கு இது தெரியாது.) டெம்போ வாடகை கட்டுப்படியாகவில்லை என்று பைக்குக்குப் பின்னால் மாட்ட ஒரு சின்ன டிரெய்லர் செய்துகொண்டேன். ஆட்டோவுக்குப் போடும் 4.00-8 டயர் இரண்டு. டிரெய்லருக்குத் தமிழ் என்ன என்று இப்போது ஆரம்பிக்காதீர்கள். ‘இழுவை வண்டி’ என்றால் இழுக்கிற வண்டியா, இழுபடுகிற வண்டியா என்று போன வருடமே இங்கே சண்டை போட்டாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாசியில் ஒருநாள் காலையில் வீட்டில் வைத்து இரண்டு டயருக்கும் 24 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அடித்துவிட்டுக் கிளம்பினேன். தேன் எடுத்து, டின்களை ஏற்றிக்கொண்டு பகல் இரண்டு மணி வெயிலில் திரும்பும்போது வழியில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தி அளந்து பார்த்தால் 28. ‘கூடிப்போச்சு’ என்று கடைப்பையன் புஸ்ஸென்று இறக்கி 24 ஆக்கினான். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அன்றிரவு எட்டுப் பெட்டி ஏற்றிப் புறப்பட்டால் வளைவுக்கு வளைவு டிரெய்லர் வாலாட்டுகிறது. விடிந்ததும் அளந்தேன். இரண்டிலும் 20-தான்.

கணக்கு எளிது. காற்றழுத்த மானி 24 காட்டினால், வெளியே உள்ள வளிமண்டலத்தின் 14.7-ஐயும் சேர்த்து உள்ளே இருப்பது 38.7. காலையில் உள்காற்று 30 டிகிரி என்று வையுங்கள். ஓடி ஓடி, வெயிலும் சேர்ந்து 60 டிகிரி ஆனால் அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடி 42.5 ஆகும். மானியில் 28. காற்று கூடவில்லை, சூடுதான் கூடியது. அதைத் திறந்துவிட்டால் நல்ல காற்று போய்விடும், சூடு இறங்கிய பிறகு பற்றாக்குறை. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் அதிகம் மடங்கும், மடங்கினால் இன்னும் சூடாகும். அப்போது மானியைப் பார்த்தால் எண் மறுபடி சரியாக இருப்பதுபோல் தெரியும்!

ஆகவே ‘கோல்டு’ என்று டயர்க்காரன் சொல்வது குளிரை அல்ல. வண்டி ஓடாமல் சில மணி நேரம் நிழலில் நின்று, ஓட்டச் சூடு போன நிலை. பங்குனி வெயில் காலத்தில் விடியற்காலை 27 டிகிரி இருந்தாலும் டயருக்கு அது ‘கோல்டு’தான். இதைக் ‘குளிர் அழுத்தம்’ என்று எழுதினால் படிக்கிறவர் மார்கழி மாதத்து அழுத்தம் என்று நினைப்பார். இல்லாவிட்டால் டயர்மேல் தண்ணீர் ஊற்றுவார்.

நம்மிடம் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. காய்ச்சிய தண்ணீரை ஆறவைத்துக் குடி என்கிறோம். ஆறிய தண்ணீர் வேறு, குளிர்ந்த தண்ணீர் வேறு. ஆறுவது சுற்றுப்புறச் சூட்டுக்கு இறங்கி அங்கே நின்றுவிடும், அதற்குக் கீழே போகாது. டயர்க்காரன் சொல்வது அச்சு அசலாக இதையே. எனவே ‘ஆறிய அழுத்தம்’ என்பது என் முன்மொழிவு. ஓடிச் சூடானபோது உள்ளதற்குச் ‘சூட்டழுத்தம்’.

எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒரு சாட்சி உண்டு. அரிசி வேகப் போட்டு அடுப்பை அணைத்துப் பானையை உள்ளே வைக்கிற பெட்டியை மலையாளத்தில் ‘சூடாறாப்பெட்டி’ என்பார்கள். 1962-இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் வீடு வீடாகப் பரப்பிய பொருள் அது. வெப்பக் காப்பு, வெப்பத் தேக்கம் என்றெல்லாம் பெயர் வைத்திருந்தால் அடுக்களைக்குள் போயிருக்குமா என்பது சந்தேகம். ஆறு என்ற வினை இருந்ததால் போயிற்று.

சிலர் தனியஞ்சலில் ‘24 எப்படி முடிவு செய்தீர்கள், டயரில் அதைவிட அதிகம் போட்டிருக்கிறதே’ என்று கேட்டார்கள். டயரில் இருப்பது உச்சச் சுமைக்கான அழுத்தம். என் டிரெய்லர் 40 கிலோ, எட்டுப் பெட்டி 100 கிலோ. பத்தில் ஒரு பங்கை இணைப்புக் கொக்கி வழியாகப் பைக் தாங்குகிறது. மீதியில் ஒரு சக்கரத்துக்கு 63 கிலோ. 24 பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.69 கிலோ, ஆக டயர் சுமார் 37 சதுர சென்டிமீட்டர் தரையில் பதியும். (தோராயம்தான், டயரின் விறைப்பும் கொஞ்சம் தாங்கும்.) 36 அடித்தால் 25 ஆகச் சுருங்கிவிடும். முதல் தடவை 36 அடித்துத்தான் போனேன். டிரெய்லர் பந்துபோல் துள்ளியது. தோட்டத்தில் பெட்டியைத் திறந்தால் மூன்று மரச்சட்டங்களில் தேனடை கழன்று கீழே கிடந்தது, தேனில் தேனீக்கள் நனைந்து ஊர்ந்துகொண்டிருந்தன.

அப்புறம் சாக்பீஸ்தான் வழி. டயரின் குறுக்கே ஒரு கோடு போட்டு, சுமையோடு தார் ரோட்டில் கொஞ்ச தூரம் உருட்டிப் பார்ப்பேன். 36-இல் நடுக்கோடு மட்டும் அழிந்தது. 20-இல் ஓரங்கள் முதலில் அழிந்தன. 24-இல் கோடு முழுக்க ஒன்றுபோல் மங்கியது.

— தேன்பெட்டிக்காரன்

--------

அன்புள்ள தேன்பெட்டியாருக்கு,

ஆறுவது டயர். அழுத்தம் எப்படி ஆறும்? சொற்றொடரில் எழுவாய் தப்பாக இருக்கிறது. தவிர, நாளைக்கு யாராவது ‘ஆறழுத்தம்’ என்று சுருக்குவார்கள். அது நதியின் அழுத்தமா, ஆறு எண்ணிக்கையா? ‘குளிர்நிலை அழுத்தம்’ என்று ஒரு ‘நிலை’யைச் சேர்த்தால் உங்கள் குறை தீர்ந்துவிடுமே.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

--------

ஐயா,

‘நிலை’ சேர்த்தாலும் குளிர் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

எழுவாய் பற்றி: பெயரெச்சம் செய்பவனை மட்டுமா கொள்ளும்? காலம், இடம், கருவி எல்லாவற்றையும் கொள்ளும் என்று சொல்லிக்கொடுத்தவர்களே நீங்கள்தானே. ‘தூங்கிய நேரம்’ என்றால் நேரமா தூங்கியது? டயர் ஆறியபோது உள்ள அழுத்தம், ஆறிய அழுத்தம். சுருக்குவது பற்றிச் சொன்னது சரி. அதை ஒப்புக்கொள்கிறேன். இதைச் சுருக்கக் கூடாது என்று சொற்பட்டியலிலேயே குறிப்புப் போட்டுவிடலாம்.

நேற்று எங்கள் ஊர்ப் பஞ்சர் கடை அண்ணாச்சியிடம் இரண்டையும் சொல்லிக் கேட்டேன். ‘குளிர் அழுத்தம்’ என்றதும் ‘ஏசி வண்டிக்குள்ளதா?’ என்றார். ‘ஆறிய அழுத்தம்’ என்றதும் மானியைக் கீழே வைத்துவிட்டு, ‘அதத்தான மக்கா நான் தெனமும் சொல்லுதேன், சூடு ஆறட்டு, பொறவு அளப்போம்னு’ என்றார்.

எதிர்ப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்து, டயரின் சுமை தாங்கும் வலிமையைக் குறிக்கும் ‘ப்ளை ரேட்டிங்’ பாக்கி இருக்கிறது. அதற்கு யாராவது ‘அடுக்கு மதிப்பீடு’ என்று எழுதும் முன், ஒரு பழைய டயரை அறுத்து உள்ளே எத்தனை அடுக்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள். எழுதியிருக்கும் எண்ணும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

— தேன்பெட்டிக்காரன்