தொடக்க விழா உடைகள்: தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில் நடக்கப்போகும் ஒரு சர்வதேச விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழாவில் ஆடும் 200 பிள்ளைகளுக்கு உடை வடிவமைக்கும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்திருக்கிறது. மேடை நடனத்துக்கு நிறையத் தைத்திருக்கிறோம், ஆனால் மைதானம் அப்படியில்லை, சரிகைக் கரையும் மணி வேலையும் கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது, அங்கே நிறமும் அசைவும்தான் எடுபடும், டிவி கமராவோ கிட்ட வந்து ஒவ்வொரு தையலையும் காட்டிவிடும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழா உடைகளை எய்கோ இஷியோகா வடிவமைத்த விதத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அவ்வளவு பிரமாதம்.

சிக்கல் துணியில்தான். புறக்கோட்டையில் பார்த்த சாட்டின் வெளிச்சத்தில் நன்றாக மின்னுகிறது, ஆனால் பொலியெஸ்டர், இந்தப் புழுக்கத்தில் பிள்ளைகள் வெந்துவிடுவார்கள், அக்குள் ஈரமும் அப்படியே தெரியும். பருத்தி என்றால் மழை பட்டதும் கனத்துத் தொங்கும். இடையில் எந்தத் துணி சரிவரும்?

அப்புறம், இரண்டாவது பாட்டுக்கு மைதானத்திலேயே மேலாடையைக் கழற்ற வேண்டும். வெல்க்ரோ வைத்தால் சுழலும்போது பக்கத்துத் துணியைக் கவ்வி நூலை இழுக்கிறது. அழுத்து பட்டன் தாங்குமா?

ஒரே சாயத்தில் மொத்தமாகத் துணி தரும் கடையோ, வெள்ளவத்தைப் பக்கம் மொத்தமாகத் தைக்கும் அக்காமாரோ தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், அளவெடுப்பு இந்த மாதமே தொடங்க வேண்டும்.