புதுப்பிப்பு: தம்பி படிப்பை விடவில்லை

முதல் செமஸ்டரிலேயே மூன்று அரியர், இன்ஜினியரிங்கே வேண்டாம் என்கிறான் தம்பி, யாரிடம் போவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. இப்போது ஒழுங்காக காலேஜுக்குப் போகிறான்.

நீங்கள் சொன்ன 14416-க்கு (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) ஒரு ராத்திரி அவனே கூப்பிட்டான். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஃபேக்கல்டி அட்வைசரை (மாணவர்களுக்குப் படிப்பில் வழிகாட்டும் ஆசிரியர்) பார்க்கச் சம்மதித்தான். அப்படி ஒருவரை ஒதுக்க வேண்டும் என்று அண்ணா பல்கலைக்கழக விதிமுறையிலேயே இருக்கிறது; பையன்களுக்குத்தான் தெரிவதில்லை. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன், கிளாஸில் பாதி புரியவில்லை என்று அவரிடம்தான் வாயைத் திறந்தான். அவர் கைகாட்டிய சீனியர் ஒருவன் ஹாஸ்டலில் சொல்லித் தருகிறான். (கவுன்சலிங் ரூம் என்று போர்டு மாட்டிய அறை? பூட்டுதான்.)

அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வர ஆரம்பித்துவிட்டது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவன், ஆனால் பேங்க் கணக்கில் ஆதார் இணைக்காமல் இருந்தது. காலேஜ் மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டு அரியர் முடிந்தது. கணக்குப் பாடம் பாக்கி. மேட்ரிக்ஸ், கால்குலஸ் தமிழில் நடத்தும் நல்ல வீடியோ இருந்தால் போடுங்கள்.